பூமயில் விழுந்த கண்மாய்

வேலங்குறிச்சிக் கண்மாய் மேலே போன அந்த மார்கழிக் காலையில் அதை முதலில் பார்த்தவர்கள் தெருக்குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், பார்த்த பிறகும் தேய்த்துக்கொண்டேதான் இருந்தார்கள், வாயில் நுரையை வைத்துக்கொண்டு ஒருவர் என்னத்தைச் சொல்லிவிட முடியும். பல வருஷம் பொய்த்த மழை அந்த ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்த்ததில் கரை ததும்ப நிறைந்திருந்த கண்மாய், தன் கெண்டையோடும் கெளுத்தியோடும், தாமரைக் கொடியோடும், நடுவில் நிற்கிற குமிழி மடையோடும் தரையை விட்டுக் கிளம்பி, ஒரு பனை உயரத்துக்குப் போய், வெகுநேரம் குனிந்து வேலை பார்த்தவள் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நிற்பதுபோல அங்கேயே நின்றுவிட்டது. கீழே பள்ளத்தில் சேறும், நண்டு வளையும், எப்போதோ தொலைந்த ஒரு சைக்கிளும், யாருடையது என்று மூன்று வீட்டுக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்ட ஒரு வெள்ளிக் கொலுசும் கிடந்தன.

முதல் வாரம் ஊர் அதற்குத் தன்னைப் பழக்கிக்கொண்டது. கண்மாயின் அடிவயிறு எங்கெங்கே சொட்டுகிறது என்று பார்த்து, அங்கங்கே பெண்கள் குடத்தை வைத்து இடம் பிடித்தார்கள். கீழே விழுந்த நிழல் குளுகுளுவென்று இருந்ததால் டீக்கடை பெஞ்சு ஒவ்வொன்றாக நடுத்தெருவுக்கு வந்தது. மீன்களின் நிழல் தரையில் ஓடப் பிள்ளைகள் அதை மிதித்துப் பிடிக்கப் பார்த்தார்கள், பூனைகள் அண்ணாந்தே நடந்து கழுத்துச் சுளுக்கிக் கொண்டன, மீன்கொத்திகள் வழக்கத்துக்கு மாறாகக் கீழிருந்து மேலே பாயக் கற்றுக்கொண்டன. மீன் குத்தகை எடுத்தவர் மொட்டைமாடியிலிருந்து வலை வீசினார். தைமாதக் கல்யாணம் வைத்திருந்தவர்கள் பத்திரிகையில் மண்டபத்தின் பெயருக்கு அடுத்து "கண்மாய்க்கு நேர் கீழே" என்று அச்சடித்தார்கள், பஸ் கண்டக்டர்கள் ஊர் எல்லையில் "ஜன்னல் எல்லாம் சாத்திக்கங்க, சொட்டும்" என்று சொல்லப் பழகினார்கள். ஜீப்பில் வந்த அதிகாரிகள் அண்ணாந்து பார்த்து, தரையில் கிடந்தால் அது தங்கள் கண்மாய்தான் என்றும், அந்தரத்தில் நிற்பதால் வேறு யாரையாவது கேட்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, கழுத்தைத் தடவிக்கொண்டே ஜீப்பில் ஏறினார்கள்.

ஆனால் நெல்லுக்கு இதெல்லாம் தெரியாது. அது கதிர் பிடிக்கிற பருவத்தில் நின்றது. கரையோர மடைகள் எல்லாம் தரையிலேயே நின்றுவிட்டதால் வாய்க்காலில் தண்ணீர் இல்லை, வயலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தது, அந்த வெடிப்புக்கு மேலேயே, தலையில் இடிக்கிற மாதிரி, ஊருக்குச் சொந்தமான தண்ணீர் முழுவதும் பளபளவென்று நின்றுகொண்டிருந்தது. போதாததற்கு வாடைக்காற்று வேறு. அது கண்மாயைத் தென்மேற்கே மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போனது. அந்தப் பக்கத்துச் சாத்தனேந்தல்காரர்கள் நல்ல விவரமானவர்கள். தங்கள் வாய்க்காலை எல்லாம் தூர்வாரிச் சுத்தமாக்கி, ஊர் முகப்பில் "வருக வருக" என்று ஒரு தட்டியும் கட்டிவிட்டார்கள்.

தண்ணீரை இறக்க ஒரே வழி குமிழி மடைதான் என்று பஞ்சாயத்துத் தலைவர் காந்திமதி சொன்னார். கீழிருந்து பார்த்தாலே அது எல்லோருக்கும் தெரிந்தது: இரண்டு கல்தூண், நடுவில் ஒரு கல்தொட்டி, தொட்டியின் துளையை அடைத்துக்கொண்டு தொடைப் பருமனுக்கு ஒரு மரக்கட்டை. யாராவது நீந்திப் போய் அந்தக் கட்டையைப் பிடுங்க வேண்டும். மேலே போவதற்கும் வழி இருந்தது. ஊரின் ஓவர்ஹெட் டேங்க், வருஷக்கணக்காகக் காலியாகவே நின்று பழகியது, கண்மாயின் வடகிழக்கு ஓரத்தை உரசிக்கொண்டு நின்றது; அதன் இரும்பு ஏணியில் ஏறினால் உச்சியிலிருந்து தண்ணீருக்குள் ஒரே எட்டில் இறங்கிவிடலாம்.

இறங்கியவர்கள் எல்லோரும் விழுந்தார்கள். அந்தத் தண்ணீர் மேலே போனபோது தன் கனத்தைக் கீழேயே விட்டுவிட்டுப் போயிருந்தது. அது நீர்மோரைப் போல லேசாக இருந்தது, ஆளைத் தாங்கவில்லை. இறங்கியவர் கொஞ்ச தூரம் போவார், பிறகு அமிழ்வார், அமிழ்ந்து அமிழ்ந்து கண்மாயின் அடிவயிற்றுக்கு வருவார், அங்கே தண்ணீர் பசுவின் மடியைப் போலப் புடைத்துத் தொங்கும், இன்னும் தொங்கும், பிறகு பொத்தென்று விட்டுவிடும். கீழே வைக்கோல் போர்களைப் பிரித்து மெத்தைபோலப் பரப்பியிருந்தார்கள். அப்படியும் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த சங்கையா, நீச்சலில் மெடல் வாங்கியவர், தோளெலும்பை முறித்துக்கொண்டார். அவருக்குப் பிறகு ஏறுகிறவர்கள் குலசாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறினார்கள். ஏறினவர் யாரும் இரண்டாம் தடவை ஏறவில்லை.

அதற்குக் காரணம் எலும்பு மட்டும் இல்லை, பூமயிலும்தான்.

பூமயில் மைக் செட் வைத்திருந்தாள். அவள் புருஷன் இருளப்பன் மரத்திலும் கம்பத்திலும் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவான், அவள் கீழே தார்ப்பாய்க் கொட்டகைக்குள் உட்கார்ந்து பேசுவாள். மஞ்சுவிரட்டானாலும் காதுகுத்தானாலும் சுற்றுவட்டாரத்தில் அவள் குரல்தான். அந்தக் குரலைத் தெரியாதவர் இல்லை, ஆனால் அவள் முகத்தைப் பார்த்தவர் குறைவு, ஏனென்றால் கொட்டகையின் முன்பக்கத்தில் அவள் எப்போதும் ஒரு படுதா தொங்கவிட்டிருப்பாள். எட்டாம் வகுப்பில் சுதந்திர தினத்துக்குப் பேச்சுப்போட்டியில் நின்று, "பெரியோர்களே, தாய்மார்களே" என்று ஆரம்பித்து, அதற்குப் பிறகு ஒரு சொல்லும் வராமல், பள்ளிக்கூடமே சிரித்த சிரிப்பில் மேடையை விட்டு இறங்கியவள் அவள். அன்றைக்கு ஒன்று தெரிந்துகொண்டாள்: சிரிப்பு எங்கேயாவது போய் விழுந்தே தீரும், ஆகவே அது தன் மேல் விழாதபடி அடுத்தவர் பக்கம் திருப்பிவிடுவது நல்லது. அந்த வித்தையில் அவள் கெட்டிக்காரி ஆகியிருந்தாள். கண்மாயிலிருந்து ஆட்கள் விழ ஆரம்பித்ததும் காந்திமதி அவளை நேர்முக வர்ணனைக்குக் கூப்பிட்டார், அவளும் ஒவ்வொரு விழுதலுக்கும் ஒரு சொல் வைத்திருந்தாள். பரோட்டா மாஸ்டர் காதர் மைதீன் விழுந்தபோது, "அன்பார்ந்த பொதுமக்களே, மாஸ்டர் முட்டை பரோட்டாவுக்குப் போனார், வெறும் கொத்து பரோட்டாவாகத் திரும்பி வந்துவிட்டார்" என்றாள். ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. காதர் மைதீனும் சிரித்தார், ஆனால் அதற்குப் பிறகு அவர் டேங்க் பக்கம் வரவில்லை.

ஒருநாள் செல்லத்தாயி ஏறினாள். கண்மாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருந்தவள், நல்ல கனத்த உடம்புக்காரி, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, ஏறிப் போய்த் தண்ணீரில் கால் வைத்தாள். வைத்த இடத்திலேயே தண்ணீர் மடி கட்டித் தொங்கி அவளை விட்டது.

"இறங்கிருச்சய்யா, இறங்கிருச்சு! ரேஷன் கடைக்கு வரவேண்டிய அரிசி மூட்டை வழி தவறி வைக்கோல்ல இறங்கிருச்சு!" என்றாள் பூமயில்.

சிரிப்பு அடங்குவதற்குள் படுதாவை விலக்கிக்கொண்டு செல்லத்தாயி கொட்டகைக்குள் வந்து நின்றாள். தலை நிறைய வைக்கோல், சேலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது, மடியில் ஒரு கெண்டை துள்ளியது.

"என்ன பேச்சுப் பேசுற பூமயிலு. அரிசி மூட்டையாம்ல. விழுந்து கிடந்த எனக்கே சிரிப்பு வந்துருச்சு" என்றாள்.

பூமயில் மைக்கை நிறுத்தினாள். "சும்மா விளையாட்டுக்குத்தான் மதினி. மனசுல வச்சுக்காதீக."

"மனசுல வைக்க எங்க இடம் இருக்கு? அங்க பயிருல்ல கிடக்கு." செல்லத்தாயி மடியிலிருந்த மீனை எடுத்துப் பக்கத்திலிருந்த வாளியில் போட்டாள். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பாதி ஊரு விழுந்துருச்சு. நீ எப்ப விழப்போற?"

அதில் கோபம் இல்லை. கல்யாணத்துக்கு எப்போது புறப்படுகிறாய் என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் பூமயிலிடம் நூறு பதில் இருந்தது.

"எனக்கு நீச்சலே தெரியாதே மதினி" என்றாள் பூமயில்.

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்?" என்று சொல்லிவிட்டுச் செல்லத்தாயி சேலையைப் பிழிந்துகொண்டே போனாள்.

அன்று சாயங்காலம் இருளப்பன் முற்றத்தில் உட்கார்ந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தான். அவனுக்குத் திக்குவாய். ஊரெல்லாம் கேட்கிற ஸ்பீக்கரைக் கட்டுகிறவன் மைக்கில் ஒரு வார்த்தை பேசியதில்லை. மைக் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்குக்கூட விரலால் தட்டிப் பார்ப்பானே தவிர, ஹலோ சொல்ல மாட்டான். பூமயில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, நானும் ஏறிப் பாக்கட்டுமா?"

அவன் வயரைச் சுற்றியபடியே யோசித்தான். "ஏ... ஏறு."

"விழுந்துருவேனே."

"வி... விழு."

"எல்லாரும் சிரிப்பாகளே. நான் எம்புட்டுச் சிரிக்க வச்சேன். வட்டியோட சிரிப்பாக."

"சி... சிரிக்கட்டும். நா... நானும் சிரிப்பேன்ல."

அவள் அவனை முறைத்தாள். பிறகு தன்னை அறியாமல் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, இரண்டு பேரும் வயர்ச்சுருளுக்கு மேல் குனிந்து வெகுநேரம் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவள், "நான் ஏறிட்டா மைக்கை யாரு பிடிக்கிறது?" என்று கேட்டாள். இருளப்பன் சுற்றி முடித்த வயரை எடுத்து ஆணியில் மாட்டினான்.

மறுநாள் காலையில் படுதாவை விலக்கிக்கொண்டு பூமயில் வெளியே வந்தபோது, யாரோ வெளியூர்க்காரி போகிறாள் என்றுதான் பலர் நினைத்தார்கள். அவள் டேங்க் ஏணியில் கால் வைத்த பிறகுதான் யாரோ "அது நம்ம மைக் செட்டு பூமயிலுல்ல" என்றார்கள். அவ்வளவுதான், டீக்கடை காலியாகிவிட்டது, பள்ளிக்கூடம் காலியாகிவிட்டது, சந்தைக்குப் புறப்பட்ட மினிபஸ் நின்றுவிட்டது, அவள் வாயால் பட்டம் வாங்கிய ஒவ்வொருவரும் முன்வரிசைக்கு இடம் தேடி ஓடிவந்தார்கள். இறங்கிவிடலாம் என்று ஒவ்வொரு படியிலும் நினைத்தாள், நினைத்துக்கொண்டே அடுத்த படியில் கால் வைத்தாள்.

உச்சிக்குப் போனதும் கண்மாயை மேலேயிருந்து பார்த்தாள். இத்தனை நாளும் அதன் அடிவயிற்றையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவளுக்கு அதற்கு ஒரு முகம் உண்டு என்பது தோன்றியதே இல்லை. தாமரை பூத்துக் கிடந்தது, நாரைகள் நின்றன, மார்கழிப் பனி ஆவியாக எழும்பிக்கொண்டிருந்தது, அதற்கு மேல் வானம், வானத்துக்குக் கீழ் அதே வானம். விழுந்தவர்கள் எல்லோரும் இதைப் பார்த்துவிட்டுத்தானா விழுந்தார்கள், ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லையே என்று நினைத்தாள், பிறகு, நான் ஒருத்தரையும் கேட்கவில்லையே என்று நினைத்தாள்.

அத்தனை பேர் விழுந்ததையும் பார்த்துப் பார்த்துச் சொன்னவள் அவள். யார் எங்கே காலை உதைத்தார், யார் எங்கே மூச்சை விட்டார் என்று அவளுக்கு மனப்பாடம். அதனால் கொஞ்ச தூரமாவது போய்விடுவோம் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் அவளை ஒரு கணம்கூட வைத்துக்கொள்ளவில்லை. செல்லத்தாயியையாவது மடியில் தொங்கவிட்டுப் பார்த்தது, இவளை வெறும் புகை வழியாகப் போவதுபோலப் போகவிட்டது. கத்தக்கூட நேரமில்லாமல் வைக்கோலில் குப்புற விழுந்தாள். அந்தக் கண்மாயில் அவ்வளவு சீக்கிரம் விழுந்தவர் அதுவரை யாரும் இல்லை.

ஊர் சிரித்தது. அப்படி ஒரு சிரிப்பை வேலங்குறிச்சி அதற்கு முன் சிரித்ததில்லை, பனைமரத்துக் காக்கைகள் பறந்துபோயின, மினிபஸ் டிரைவர் ஹாரனில் தலையை வைத்துச் சிரித்ததில் ஹாரன் நிற்காமல் அடித்தது. வைக்கோலுக்குள் முகம் புதைத்துக் கிடந்த பூமயில், எழுந்திருக்காமலே இப்படியே கிடந்துவிடலாம் என்று நினைத்தாள்.

அப்போது ஸ்பீக்கர் கரகரத்தது. யாரோ விரலால் மைக்கைத் தட்டினார்கள். பிறகு அதுவரை எந்தக் குழாயிலும் கேட்டிராத ஒரு குரல் கேட்டது.

"வி... வி... விழுந்துட்டா" என்றது. நிறுத்தியது. மூச்சு வாங்கியது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். "எ... எங்க பூமயிலு... வி... விழுந்துட்டா. இ... இப்ப..."

அடுத்த வார்த்தை வரவில்லை. ஊர் காத்திருந்தது. குழாய்க்குள் அந்த வார்த்தை முட்டுவதும் திரும்புவதும் எல்லோருக்கும் கேட்டது, ஹாரனும் நின்றுவிட்டது, ஒருவரும் சிரிக்கவில்லை, சிலர் தங்களை அறியாமல் அந்த வார்த்தைக்காக வாயைக் குவித்தார்கள்.

"எ... எ... எந்திரிக்கிறா!"

வேறு வழியில்லை. புருஷன் ஊரறியச் சொல்லிவிட்ட பிறகு எப்படிக் கிடப்பது. பூமயில் எழுந்தாள். எழுந்ததும் ஊர் கை தட்டியது, அவளுக்கா அவனுக்கா என்று பிரித்துச் சொல்ல முடியாத கைத்தட்டல். அவள் தலையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டாள், மூக்கைத் தொட்டுப் பார்த்தாள், இருந்தது. சிரிப்பு முழுவதும் தன் மேல் விழுந்து முடிந்துவிட்டது, தான் இன்னும் அங்கேயேதான் நிற்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது. திரும்பி டேங்கை நோக்கி நடந்தாள்.

"எங்கடி போற?" என்றாள் செல்லத்தாயி.

"மேலதான் மதினி."

"இப்பத்தான விழுந்த?"

"அது போன தடவை" என்றாள் பூமயில்.

இரண்டாம் தடவை யாரும் ஏறியதில்லை என்பதால் ஊருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, சும்மா பார்த்தது. அவள் விழுந்தாள். எழுந்தாள், ஏறினாள், விழுந்தாள். ஒவ்வொரு தடவையும் இருளப்பன் திக்கித் திக்கி அதைச் சொன்னான், கடைசி வார்த்தையை அவனுக்கு முன்னால் ஊரே சேர்ந்து "எந்திரிக்கிறா!" என்று கத்தியது. கையைக் காலை உதைக்காமல் பாயைப் போல விரிந்து கிடந்தால் அந்தத் தண்ணீர் கொஞ்சநேரம் வைத்திருக்கிறது, பயந்து உடம்பைக் குறுக்கினால் விட்டுவிடுகிறது என்று அவள் மெல்லக் கண்டுகொண்டாள். அதற்குள் முழங்கை இரண்டும் சிராய்ந்து, உதடு வெடித்து ரத்தம் வந்திருந்தது. மத்தியானம் ஆனபோது வாடை வலுத்தது. கண்மாயின் ஓரம் டேங்கை விட்டு நகர ஆரம்பித்தது. பொழுது சாய்வதற்குள் எட்டாத தூரம் போய்விடும் என்று காந்திமதி கணக்குப் பார்த்துச் சொன்னார்.

அடுத்த தடவை பூமயில் உச்சியில் ஏறியபோது அங்கே காதர் மைதீன் நின்றுகொண்டிருந்தார், இடுப்பில் அடுப்படித் துண்டோடு.

"கடையை அப்படியே போட்டுட்டு வந்துட்டேன்க்கா" என்றார். "மாவு புளிச்சா புளிக்கட்டும்."

"மாஸ்டர், அன்னைக்கு நான் கொத்து பரோட்டான்னு..."

"அதை விடுங்கக்கா. அன்னைக்கு யாவாரம் பிச்சுக்கிட்டுல்ல போச்சு."

அவள் முதலில் இறங்கி விரிந்து கிடந்தாள். கொஞ்ச தூரம் மிதந்து போய் அமிழத் தொடங்கியதும், காதர் மைதீன் பொறுக்கமாட்டாமல் தாவி அவள் கையைப் பிடித்தார். இருவரும் அமிழவில்லை. ஒருத்தர் பயந்து குறுகும்போது இன்னொருத்தர் விரிந்து கிடந்தார், இவள் அமிழ்ந்தால் அவர் இழுத்தார், அவர் அமிழ்ந்தால் இவள் இழுத்தாள். அதுவரை யார் முதலில் என்று போட்டிபோட்டு ஒவ்வொருவராகத்தான் ஊர் ஏறியிருந்தது, இரண்டு பேர் சேர்ந்து இறங்கிப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"வி... விழல!" என்று கத்தினான் இருளப்பன். "ரெ... ரெண்டு பேரும் விழல!"

அதற்குப் பிறகு ஏணி நிற்காமல் அதிர்ந்தது. செல்லத்தாயி ஏறி வந்து காதர் மைதீன் கையைப் பிடித்தாள். காந்திமதி கண்ணாடியைக் கழற்றிக் கீழே கொடுத்துவிட்டு வந்து செல்லத்தாயி கையைப் பிடித்தார். மீன் குத்தகைக்காரர் வந்தார், மினிபஸ் டிரைவர் வந்தார், கொலுசுக்குச் சண்டை போட்ட மூன்று வீட்டுக்காரர்களும் வரிசையாக ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். விழுந்தவர்கள், விழாதவர்கள், ஏறவே மாட்டேன் என்று சத்தியம் பண்ணியவர்கள் எல்லோரும் வந்தார்கள். டேங்குக்கும் தண்ணீருக்கும் இடையே விழுந்துகொண்டிருந்த இடைவெளியில், தோளில் கட்டோடு சங்கையா ஏணியைக் காலால் பின்னிக்கொண்டு, "ஒத்தக் கை சும்மாதானய்யா இருக்கு" என்று நல்ல கையை நீட்டிச் சங்கிலியின் கடைசிக் கையைப் பிடித்துக்கொண்டார். கண்மாய் நெடுக மனிதர்கள் ஒரு பூச்சரம்போல மிதந்தார்கள், சரத்தின் நுனியில் பூமயில்.

ஆனால் சரம் எட்டவில்லை. கல்தூண்களுக்குச் சற்று முன்னாலேயே ஆட்கள் தீர்ந்துபோனார்கள். இழுத்துப் பார்த்தார்கள், நீட்டிப் பார்த்தார்கள், சங்கையா பல்லைக் கடித்தார்.

"மாஸ்டர், கையை விடுங்க" என்றாள் பூமயில்.

"ஐயோ அக்கா, வேணாம். இங்க வைக்கோல் இல்ல, கீழ வெறும் கட்டாந்தரை."

அவள் கீழே பார்த்தாள். காற்று தள்ளிக்கொண்டு வந்ததில் குமிழி மடை வைக்கோலைத் தாண்டி வந்திருந்தது. தண்ணீருக்கு அடியில், வெகு கீழே, வெடித்த வயல் சிலந்தி வலைபோலத் தெரிந்தது. பயத்தில் பல் கிட்டியது. அந்தப் பயம் காலையில் இருந்ததற்கு ஒரு துளியும் குறைவில்லை. அது போய்விடும் என்று அவள் இத்தனை நேரம் நினைத்திருந்தாள், போகவில்லை.

"நானா விட மனசு வராது மாஸ்டர். நீங்களே விடுங்க."

காதர் மைதீன் ஏதோ ஓதிவிட்டுக் கையை விட்டார்.

"பூ... பூமயிலு கையை விட்டுட்டா" என்றது ஸ்பீக்கர்.

அவள் விரிந்து கிடந்தாள். மிதந்தாள். நடுவில் உடம்பு ஒருமுறை சிலிர்த்துக் குறுகியது, அமிழ்ந்தாள். தண்ணீர் அவளைச் சுற்றி மடி கட்டித் தொங்க ஆரம்பித்தது. பாதம் கண்மாய்க்கு வெளியே போய் உள்ளங்காலில் காற்றுப் பட்டது. கண்ணெதிரே கல்தூணின் அடி, பச்சைப் பாசி, அதில் ஒரு நத்தை. கையை நீட்டினாள். பாசி வழுக்கியது. நத்தையைத் தாண்டிக் கல்லின் ஒரு விளிம்பு விரலுக்கு அகப்பட்டது, அதைப் பிடித்துத் தொங்கி, முழங்கையை ஊன்றி, தூணைக் கட்டிக்கொண்டு மேலே ஏறி, தலையைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி மூச்சை இழுத்தாள். பிறகு இரண்டு தூணிலும் காலை மிதித்துக்கொண்டு மரக்கட்டையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. திருகினாள். வரவில்லை. கெட்ட வார்த்தை ஒன்று சொல்லி இழுத்தாள், வந்தது.

பெரிய பானையின் வாயில் உள்ளங்கையால் அறைந்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் தண்ணீர் இறங்கியது. அந்தரத்திலிருந்து ஒரு வெள்ளைத் தூணாக இறங்கி வெடித்த வயலில் விழுந்தது, விழுந்த இடத்தில் மண் பெருமூச்சு விட்டது ஊர் முழுக்கக் கேட்டது, வாய்க்காலுக்கு வாய்க்கால், வரப்புக்கு வரப்பு, நெல்லின் காலடி ஒவ்வொன்றாக நனைந்துகொண்டே போயிற்று. தண்ணீர் இறங்க இறங்கக் கண்மாய் தாழ்ந்தது, தாழத் தாழ அதற்குத் தன் கனம் நினைவுக்கு வந்தது, கனம் வந்ததும் காற்று தோற்றது, பள்ளத்தைத் தேடிப் போகிற தண்ணீரின் குணப்படி அது மெல்ல நகர்ந்து தன் பழைய இடத்துக்கு மேல் வந்து, கைகோத்து மிதந்த அத்தனை பேரையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, கோழி முட்டைமேல் உட்காருவதுபோலப் பதவிசாகக் கீழே உட்கார்ந்தது. தலைவர் காந்திமதி தாமரை இலைகளுக்கு நடுவே எழுந்து நின்றபோது அவருக்கு இடுப்பளவு தண்ணீர் இருந்தது. காதர் மைதீன் சட்டைக்குள்ளிருந்து ஒரு கெளுத்தியை எடுத்துத் தூக்கிக் காட்டினார். கொட்டகையிலிருந்து இருளப்பன் மைக்கைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தான், வயர் பிய்ந்ததுகூடத் தெரியாமல், கரையில் நின்று அந்தச் செத்த மைக்கில் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தான். பூமயில் தூணைக் கட்டிக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்று பொழுது சாயும்போது சாத்தனேந்தல்காரர்கள் மேளதாளத்தோடு வந்தார்கள். சண்டைக்குத்தான் வருகிறார்கள் என்று இவர்கள் நினைத்தார்கள், ஆனால் அவர்கள் அவ்வளவு அருமையாகத் தூர்வாரி வைத்திருந்ததில் வயலில் மிஞ்சி ஓடிய தண்ணீர் முழுவதும் அவர்கள் வாய்க்காலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது, அதற்கு நன்றி சொல்லத்தான் வந்தார்கள். தட்டியையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். காதர் மைதீன் புளித்த மாவில் எல்லோருக்கும் பரோட்டா போட்டார், அது கொஞ்சம் ரப்பர்போல இருந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

தை பிறந்து, நெல் பழுத்துத் தலை சாய்ந்த ஒரு காலையில் பூமயில் செல்லத்தாயியோடு குளிக்கக் கண்மாய்க்குப் போனாள். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள், அந்தரத்திலேயே நீந்தியவள் ஆயிற்றே. பூமயிலும் நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற நினைப்போடு இறங்கி, கழுத்தளவு ஆழத்துக்குப் போய், பாயைப் போல விரிந்து படுத்தாள். படுத்தவளைக் காணோம். சற்றுப் பொறுத்து நெற்றியில் சேறும் மூக்கில் தண்ணீருமாக எழும்பி வந்து, இருமி, துப்பி, செல்லத்தாயியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துவைகல்லில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்னாச்சுடி?" என்றாள் செல்லத்தாயி.

"இந்தத் தண்ணி வேற மாதிரி இருக்கு மதினி. அந்த வித்தை இதுல செல்லாது போல."

"இப்ப என்ன செய்யப்போற?"

"என்ன செய்ய? முதல்ல இருந்துதான்" என்று பூமயில் மூக்கைச் சிந்தினாள், சிரிக்கிறவர்களைத் திரும்பிப் பார்த்துத் தானும் சிரித்தாள், சேலையை இன்னும் ஒரு சுற்று இறுக்கிச் செருகிக்கொண்டு மறுபடியும் தண்ணீருக்குள் போனாள்.